எந்த வரி என்று கேளுங்கள்

கேள்வி: டாலஸ் பக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எச்-1பி விசாவில் வந்து நான்கு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மதியம் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுவோம். ஒருவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். ஒருவர் கறுப்பினப் பெண்மணி, எங்கள் டீமிலேயே சீனியர். இன்னொருவர் நம்மூர்க்காரர். போன வாரம் முதலாமவர், "உழைக்காதவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கொடுத்தே நாடு கடனாளியாகிவிட்டது" என்றார். "பணக்காரர்களுக்கு வரியைக் குறைத்ததுதான் காரணம். நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி தட்டோடு எழுந்து போய்விட்டார். நம்மூர்க்காரர் தமிழில் என்னிடம், "நாம ரெண்டு பெட்டியோட வந்து முன்னேறலையா?" என்றார். உண்மையில் கணக்கு என்ன? இதில் நான் வாயைத் திறக்கலாமா?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வாயைத் திறக்கலாமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். கணக்குத் தெரியாமல் திறப்பதாக இருந்தால் சாப்பிடுவதற்கு மட்டும் திறப்பது நல்லது.

அமெரிக்க மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. 2024 நிதியாண்டில் செலவு சுமார் 6.75 டிரில்லியன் டாலர், வரவு சுமார் 4.9 டிரில்லியன், துண்டு விழுந்தது 1.8 டிரில்லியன் சொச்சம். ஒரு டிரில்லியன் என்பது நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி, ஒரு பில்லியன் நூறு கோடி. இவ்வளவு பெரிய எண் சாப்பாட்டு மேசையில் யாருக்கும் உறைக்காது. ஒரு பேப்பர் நாப்கினை எடுத்து, மொத்தச் செலவையும் நூறு டாலராகச் சுருக்கி எழுதிப் பாருங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி என்கிற ஓய்வூதியத்துக்கு 22 டாலருக்குச் சற்றுக் குறைவு. முதியோர் மருத்துவமான மெடிகேருக்கு 13. வாங்கிய கடனுக்கு வட்டி 13. ராணுவத்துக்கும் ஏறக்குறைய 13. வசதியில்லாதவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மருத்துவத் திட்டம் மெடிகெய்டுக்கு 9. ஐந்தே வரியில் கிட்டத்தட்ட 70 டாலர் போய்விட்டது. ஃபுட் ஸ்டாம்ப் என்று பழைய பெயரிலேயே இன்னும் பலர் சொல்லும் ஸ்னாப் உணவு உதவிக்கு ஒன்றரை டாலர். குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவியும் அதைச் சார்ந்த செலவுகளும் அடங்கிய டானிஃப் மானியத்துக்கு 25 சென்ட். 1996-ல் ஆண்டுக்கு 16.5 பில்லியன் என்று நிர்ணயித்தார்கள். விலைவாசி ஏறியும் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. வெளிநாட்டு உதவி ஒரு டாலர் அளவு. மீதியில் முன்னாள் ராணுவத்தினர் நலன், சாலை, கல்வி, ஆராய்ச்சி, நீதிமன்றம், எல்லைக் காவல் எல்லாம் வரும். நாப்கினின் அடியில் கோடு போட்டு எழுதுங்கள்: வரவு 73, கடன் 27.

தமிழில் நமக்கு ஒரு வசதி. கணக்கேட்டில் இருப்பதும் வரி, அரசு வசூலிப்பதும் வரி. இந்த விவாதத்தில் யார் என்ன சொன்னாலும் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: எந்த வரி?

அதை வைத்து முதலாமவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம். ஸ்னாப், டானிஃப், வெளிநாட்டு உதவி மூன்றையும் ஒரு பைசா மிச்சமில்லாமல் ரத்து செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நூறில் மூன்று டாலர்கூட மிச்சமாகாது. 27 டாலர் கடன் 24 ஆகும், அவ்வளவுதான். மெடிகெய்டையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்பார். அது 9 டாலர், பெரிய வரிதான். ஆனால் அது போய்ச் சேரும் இடத்தைக் கவனியுங்கள். நர்ஸிங் ஹோம்களில் இருக்கும் முதியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்குப் பணம் கட்டுவது மெடிகெய்டுதான். சேமிப்பெல்லாம் கரைந்தபின் அதில் சேரும் நடுத்தர வர்க்கத்து வெள்ளைக்காரப் பாட்டிகளும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். உழைக்காதவர் என்று அவர் மனதில் இருக்கும் ஆள் அநேகமாக அந்தப் பாட்டி இல்லை.

இதே தராசில் அந்தப் பெண்மணி சொன்னதையும் வைக்க வேண்டும். 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் 11 ஆண்டுகளில் பற்றாக்குறையைச் சுமார் 1.9 டிரில்லியன் கூட்டும் என்று நாடாளுமன்றத்தின் கட்சி சாராத பட்ஜெட் அலுவலகம் கணித்தது. ஆண்டுக்குச் சராசரி 170 பில்லியன் என்று வைத்தால், 2024-ன் 1.8 டிரில்லியன் பற்றாக்குறையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் பத்து ஆண்டுகளுக்கு 3.4 டிரில்லியன் கூட்டும் என்று அதே அலுவலகம் சொல்கிறது. அது சின்னத் தொகை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஒன்றே காரணம் என்றால் கணக்கு உதைக்கும். ராணுவச் செலவைக் குறைத்தால் போதும் என்று சொல்கிறவர்களுக்கும் இதுவே பதில்: ராணுவத்தையே கலைத்தாலும் பற்றாக்குறையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும்.

அப்படியானால் கடன் எங்கிருந்துதான் வருகிறது? முதியோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, மருத்துவச் செலவு அதைவிட வேகமாக ஏறுகிறது. அந்த வேகத்துக்கு வரி ஏற எந்தக் கட்சியும் விடவில்லை. நடுவில் 2008 நிதி நெருக்கடி, 2020 கொரோனா என்று இரண்டு பேரிடி. 2020 மார்ச்சில் டிரம்ப் கையெழுத்திட்ட நிவாரணச் சட்டம் 2 டிரில்லியனுக்கு மேல். 2021 மார்ச்சில் பைடன் கையெழுத்திட்டது 1.9 டிரில்லியன். இவ்வளவுக்கும் மேல் இப்போது வட்டி. 2021-ல் நிகர வட்டிச் செலவு 352 பில்லியன். 2024-ல் அது 880 பில்லியனைத் தாண்டி ராணுவச் செலவையே முந்திவிட்டது. பழைய கடன் பத்திரம் ஒன்றேகால் சதவீத வட்டியில் முதிர்ந்தால், அதை அடைக்கப் புதிய பத்திரத்தை நாலு சதவீதத்துக்கு விற்க வேண்டியிருக்கிறது. புதுக் கடன் ஒரு டாலர்கூட வாங்காவிட்டாலும் இந்த மாற்று வேலையிலேயே வட்டி ஏறும். "கடன் ஒரு பிரச்சினையே இல்லை, டாலரை அச்சடிக்கிறவன் அமெரிக்காக்காரன்தானே" என்பவர்களிடம் இந்த வரியைக் காட்டுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சு நிச்சயமாக 'எந்த ஜனாதிபதி' என்ற இடத்துக்குத் தாவும். அங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். ரீகன் பதவியேற்றபோது மொத்தக் கடன் ஒரு டிரில்லியனுக்குள் இருந்தது, போகும்போது 2.7-ஐ ஒட்டி. ஜூனியர் புஷ் காலத்தில் 5.7-லிருந்து 10.6. ஒபாமா விட்டுப்போனபோது 19.9. டிரம்பின் முதல் நான்கு வருடத்தில் 27.8. பைடன் போகும்போது 36.2. ரீகன் மூன்று மடங்காக்கினார் என்பது உண்மை. ஒபாமா ஒன்பது டிரில்லியன் ஏற்றினார் என்பதும் உண்மை. ஒருவர் மடங்கில் பேசுவார், இன்னொருவர் டாலரில் பேசுவார், இரண்டு பேரும் பொய் சொல்லாமலேயே ஒருவரையொருவர் பொய்யர் என்பார்கள். எந்த அளவுகோல் என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நாட்டின் வருடாந்தர உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதே கொஞ்சமாவது நியாயமான அளவு. அரசுக்கு வெளியே இருப்பவர்கள் கையிலுள்ள கடன் இரண்டாம் உலகப் போர் முடிந்த 1946-ல் 106 சதவீதம். 1974-ல் அது 25-க்கும் கீழே இறங்கியது. அந்தக் கடனை யாரும் உட்கார்ந்து அடைக்கவில்லை. பொருளாதாரம் கடனைவிட வேகமாக வளர்ந்தது, விலைவாசியும் ஏறியது. இப்போது மறுபடி நூறை ஒட்டி வந்து நிற்கிறது. போரும் இல்லாமல், மந்தமும் இல்லாமல் இந்த உயரம் என்பதுதான் நிதித்துறைக்காரர்களைப் பயமுறுத்துகிறது.

இன்னொரு வழுக்கல், காலண்டர். 2009 நிதியாண்டின் பற்றாக்குறை 1.4 டிரில்லியன். அதை ஒபாமா கணக்கில் எழுதுவார்கள். அந்த ஆண்டு தொடங்கியது 2008 அக்டோபரில், புஷ் இருக்கும்போது. ஒபாமா பதவியேற்பதற்கு முன்பே, ஜனவரி முதல் வாரத்தில், பற்றாக்குறை 1.2 டிரில்லியன் வரும் என்று பட்ஜெட் அலுவலகம் சொல்லிவிட்டது. தவிர, பணத்தை ஒதுக்குவதும் வரி போடுவதும் காங்கிரஸ் என்கிற அமெரிக்க நாடாளுமன்றத்தின் அதிகாரம்; ஜனாதிபதி கையெழுத்துப் போடுகிறவர். 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் உபரி வந்ததே, அப்போது வெள்ளை மாளிகையில் பெரும்பகுதி கிளின்டன், காங்கிரஸில் குடியரசுக் கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் அந்த உபரிக்குச் சொந்தம் கொண்டாடுவார்கள். கொண்டாடிவிட்டுப் போகட்டும், ஊதிப் பெருத்த பங்குச் சந்தை கொண்டுவந்த வரியையும் சேர்த்துச் சொன்னால் சரி.

சீனாவிடம் அடகு வைத்துவிட்டோம் என்ற பேச்சும் வரும். அமெரிக்கக் கடன் பத்திரத்தை அதிகம் வைத்திருக்கும் வெளிநாடு ஜப்பான், சுமார் 1.1 டிரில்லியன். சீனாவிடம் இருப்பது முக்கால் டிரில்லியனுக்கும் சற்றுக் குறைவு. 2025-ல் பிரிட்டனே அதை முந்திவிட்டது. பெரும்பங்கு உள்ளூர் ஓய்வூதிய நிதிகள், வங்கிகள், மத்திய வங்கி, சாதாரண முதலீட்டாளர்கள் கையில்தான்.

இனி இன விஷயம். அந்தப் பெண்மணி எழுந்து போனதற்குக் காரணம் பட்ஜெட்டில் இல்லை. 'உழைக்காதவர்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1976 தேர்தல் பிரசாரத்தில், பல பெயர்களில் உதவித்தொகை வாங்கிய சிகாகோ பெண் ஒருத்தியைப் பற்றி ரீகன் மேடைக்கு மேடை சொன்னார். நிறத்தைச் சொல்லவில்லை. கேட்டவர்கள் தாங்களே ஒரு நிறத்தைப் பூசிக்கொண்டார்கள். அதிலிருந்து, நிறத்தைச் சொல்லாமலேயே நிறத்தைப் பேசும் சொற்களில் ஒன்றாக அது ஆகிப்போனது. உங்கள் நண்பர் அதை மனதில் வைத்துச் சொன்னாரா என்று நமக்குத் தெரியாது. சாதியைக் கேட்காமல் "எந்தத் தெரு?" என்று கேட்பதை நம்மூரில் எப்படிப் புரிந்துகொள்வோமோ, அப்படித்தான் அந்தப் பெண்மணி புரிந்துகொண்டார்.

யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற கணக்கையும் பாருங்கள், இங்கேயும் இரண்டு உண்மைகள் மோதும். 2023-ல் ஸ்னாப் பெற்றவர்களில் வெள்ளையர் சுமார் 35 சதவீதம், கறுப்பினத்தவர் சுமார் 26. ஆறில் ஒருவருக்கு இனம் பதிவாகவில்லை. தலையை எண்ணினால் அதிகம் வாங்குவது வெள்ளையர். ஆனால் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 14 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். விகிதத்தில் பார்த்தால் அவர்களிடையே வாங்குகிறவர்கள் அதிகம். ஒருவர் தலையை எண்ணுவார், மற்றவர் விகிதத்தைச் சொல்வார். இரண்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒன்றை மறைத்தால் மற்றவர் போனில் தேடி எடுத்துக் காட்டுவார், அதோடு நீங்கள் சொன்ன எதுவும் எடுபடாது. சொன்ன கையோடு நாப்கினையும் காட்டுங்கள்: யார் வாங்கினாலும் அது ஒன்றரை டாலர் வரி. 27 டாலர் கடனை அதற்குள் திணிக்க முடியாது.

விகிதம் ஏன் அப்படி இருக்கிறது என்பதுதான் ஆழமான கேள்வி. 1935-ல் சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே விட்டுவிட்டார்கள். அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். தென் மாநில எம்பிக்களின் அழுத்தமா, வரி வசூலிக்கிற சிக்கலா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் வழக்கு உண்டு. பலன் என்ன ஆனது என்பதில் வழக்கில்லை; 1950-லும் 1954-லும் சட்டத்தைத் திருத்தித்தான் பெரும்பாலானவர்களை உள்ளே கொண்டுவந்தார்கள். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கொடுத்தார்களே, 1947-ல் மிசிசிப்பியின் 13 ஊர்களில் அப்படிக் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தது இரண்டு. இருநூறு அல்ல, இரண்டு. வீட்டுக் கடனில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-ல்தான் வந்தது. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் சொத்து என்றால் முதலில் வீடு. அந்த வீட்டை விற்றோ அடகு வைத்தோ பிள்ளைகளைப் படிக்க வைப்பார்கள். மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900. உங்கள் ராணுவ நண்பரிடம் பேச இந்த 1947 கணக்கு பொருத்தமாக இருக்கும். சீருடை போட்டவருக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்றால் அவருக்குப் புரியும். அதற்காக அவருடைய சலுகையை எடுத்து அவர் மீதே வீசிவிடாதீர்கள். நூறில் ஐந்து டாலர் முன்னாள் ராணுவத்தினருக்குப் போவது உண்மைதான், ஆனால் அவரைக் குத்துவதற்காகச் சொன்னால் அந்த மேசையிலிருந்து இரண்டாவது தட்டும் எழும்.

நம்மூர்க்காரரின் இரண்டு பெட்டிக்கு வருவோம். பெட்டி இரண்டுதான், அதில் ஒன்றுக்குள் பட்டச் சான்றிதழ் இருந்தது. அரசு கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ படித்திருந்தால், அந்தச் சான்றிதழுக்கு அவர் கட்டிய ஃபீஸ் எவ்வளவு, தமிழ்நாட்டு வரிப்பணம் எவ்வளவு, இடஒதுக்கீட்டின் பங்கு உண்டா என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு வந்த இந்தியர்கள் கோடிக்கணக்கான பேரில் தேர்வுக்குத் தேர்வு, விசாவுக்கு விசா சலித்து எடுத்தவர்கள். சலித்த மாவை வைத்துக்கொண்டு, சலிக்காத மூட்டையைப் பார்த்து ஏன் இவ்வளவு தவிடு என்று கேட்பது போலத்தான் இந்த ஒப்பீடு. அந்தக் கதவே எப்போது திறந்தது? 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். 1946-ல் குடியுரிமையும் ஆண்டுக்கு நூறு பேர் என்ற கோட்டாவும் வந்தன. 1965 குடியேற்றச் சட்டம்தான் நாடுவாரியான அந்தப் பழைய கோட்டாவை ஒழித்தது. 1964-லும் 1965-லும் சிவில் உரிமைச் சட்டமும் வாக்குரிமைச் சட்டமும் வரக் காரணமான அதே போராட்டக் காற்றில்தான் இதுவும் வந்தது. தமிழில் சொல்வது யாருக்கும் புரியாது என்று மேசையில் பேசுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். தொனி எல்லா மொழியிலும் புரியும்.

நீங்கள் பேசலாம். சில கட்டுப்பாடுகளோடு. இரண்டு பேரிடமும் 'எந்த வரி' என்றே கேளுங்கள்: ராணுவ நண்பரிடம் செலவில் எந்த வரியைக் குறைக்கலாம் என்று, அந்தப் பெண்மணியிடம் வருமானத்தில் எந்த வரியை ஏற்றலாம், அதனால் எத்தனை டாலர் வரும் என்று. பதில் வரும்வரை பொறுத்திருங்கள், குறுக்கே உங்கள் எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்னது தப்பு என்றால் "அந்த எண் இடிக்கிறதே" என்று எண்ணைச் சொல்லுங்கள். ஆளைப் பார்த்து 'இனவெறி' என்ற சொல்லை எடுத்துவிட்டால், அந்தச் சொல் பொருந்துமா என்பதே மீதி நேரம் முழுக்க விவாதமாகிவிடும், கடன் காணாமல் போகும். அந்தப் பெண்மணி தன் அனுபவத்தைச் சொன்னால் மட்டும் நாப்கினை மடித்து வைத்துவிடுங்கள். தன் வீட்டுக் கடன் மனு எப்படித் திரும்பி வந்தது என்று சொல்கிறவரிடம் சராசரி பேசுவது அநாகரிகம், வாதமாகவும் அது நிற்காது. முதலில் அவரைத் தனியாகப் பார்த்து, "அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம்.

அலுவலக சாட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். பேச்சுரிமையைக் காக்கும் முதல் சட்டத்திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல. டெக்சாஸில் காரணம் சொல்லாமலேயே வேலையிலிருந்து எடுக்கலாம். இனத்தைப் பற்றிய பேச்சு தொடர்ந்தால் 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் புகாராகவும் ஆகலாம், அப்போது மனிதவளத் துறை முதலில் எடுத்துப் பார்ப்பது சேமித்து வைத்த சாட்டைத்தான். வேலை போனால் எச்-1பிக்காரருக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள்.

ஓட்டு இல்லாத எனக்கு இதில் என்ன வேலை என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர் என்றால் சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், 7,440 டாலர், மெடிகேருக்கு 1.45 சதவீதம், 1,740 டாலர். அதே அளவு நிறுவனமும் கட்டுகிறது. ஓய்வூதியம் பெற 40 கிரெடிட் வேண்டும், அதாவது சுமார் பத்து வருட உழைப்பு. அதற்குள் ஊர் திரும்பினால் கட்டியது கட்டியதுதான், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கு ஒப்பந்தம் கிடையாது. ஓய்வூதிய அறக்கட்டளை நிதி 2033-ல் தீரும், அதன்பின் வரும் வரியைக் கொண்டு 77 சதவீதம்தான் கொடுக்க முடியும் என்று 2025 அறிக்கை சொல்கிறது. அந்த 40 கிரெடிட் சேர உங்களுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. மேசையில் இருக்கும் நாலு பேரில் இந்த வரியால் ஒன்றுமே கிடைக்காமல் போகக்கூடியவர்கள் நீங்களும், விசாவில் இருந்தால் அந்த நம்மூர்க்காரரும்தான்.

கடைசியாக ஒன்று. டிரைவிங் லைசன்ஸ் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் வாக்காளராகப் பதிந்துகொள்கிறீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். 'இல்லை' என்பதில் டிக் அடித்தோமா என்று இரண்டு முறை பாருங்கள். க்ரீன் கார்டு வந்த பிறகு தேர்தல் நன்கொடை கொடுக்கலாம், ஓட்டு அப்போதும் கிடையாது. தெரியாமல் பதிந்தது பின்னாளில் குடியுரிமை மனுவில் வந்து நிற்கும். அப்படி ஏற்கெனவே பதிவாகியிருந்தால் ஓட்டுப் போடாமல், குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் பெயரை நீக்கச் சொல்லி எழுதுங்கள், அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.